நாற்பத்தொரு சொற்கள்

அத்தியாயம் 11

பையில் முதலில் போனது நீல நோட்டு. சுண்டுவின் மாற்றுச் சட்டை, பிஸ்கட், தண்ணீர் பாட்டில் எல்லாம் அதற்குப் பிறகுதான்.

“அது எதுக்குக்கா?” என்றாள் சின்னவள்.

“எதுக்கா? அதுதான் முக்கியம். வார்த்தை வார்த்தையா தேதி போட்டு எழுதி வெச்சிருக்கல்ல, அந்தக் காது டாக்டர் பாக்கட்டும். என் புள்ளைக்குக் காது கேக்கலையாம்.”

குழந்தைகள் காப்பகத்து டீச்சர் அப்படிச் சொல்லி நான்கு நாள் ஆகிறது. ‘பேர் சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான், ஒரு தடவை காதைப் பாத்துடுங்க.’ அந்த நான்கு நாளும் பெரியவள் அந்த டீச்சரைத் திட்டித் தீர்த்தாள். இரண்டு வயதும் ஒரு மாதமும் ஆன பிள்ளை நாற்பத்தொரு சொல் பேசுகிறான். இருபத்தொன்பது தமிழ், பன்னிரண்டு ஸ்பானிஷ். யாரைப் போய்க் காது கேட்கவில்லை என்கிறாள்?

அந்த நாற்பத்தொன்றில் ஒன்றுகூட நிஜம் இல்லை என்பது அந்த வீட்டில் ஒருத்திக்கு மட்டும் தெரியும். அவள் இப்போது சுண்டுவுக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள்.

மாமா வாசலில் கருவிப் பெட்டியோடு நின்றார். லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நின்றுவிட்டதாகக் காலையிலேயே போன் வந்திருந்தது.

“என்ன ஸ்பெயின்காரி, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? டெஸ்ட் அவனுக்கா, உனக்கா?”

“ஒண்ணுமில்ல மாமா.”

“டாக்டர் ஏதாவது கேட்டா இவன ஸ்பானிஷ்ல பதில் சொல்லச் சொல்லு. அப்புறம் அவங்க காதை அவங்களே டெஸ்ட் பண்ணிக்குவாங்க.” மகனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி இறக்கினார். “வேலை முடிஞ்சதும் நேரா அங்கயே வந்துடறேன்.”

சுண்டு அவர் போன பிறகும் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

---

சின்னவள் பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷும் மொழியியலும் படிக்கிறாள். இரண்டாம் ஆண்டு. பெற்றோர் போன பிறகு அவளுக்கு வீடு என்றால் அக்கா வீடுதான். அக்கா கண்ணாடிக் கடையில் லென்ஸ் தீட்டி ஃபிரேமில் பொருத்துகிறவள். காலை எட்டரைக்குப் போனால் இரவு ஏழரை. ஆகவே காப்பகத்திலிருந்து சுண்டுவை அழைத்து வருவதும், மாலை முழுக்க அவனோடு இருப்பதும் சித்தியின் வேலை.

அந்த மாலைகள்தான் அவளுடைய ஆய்வாகவும் ஆயின. ‘குழந்தை மொழி’ என்று ஒரு பாடம். ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து ஆறு மாதம் கவனிக்க வேண்டும். புதிதாக ஒரு சொல் வந்தால் தேதி, நேரம், என்ன நடந்தபோது சொன்னது, எப்படி ஒலித்தது, எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். போனில் பதிவும் செய்ய வேண்டும். சின்னவள் ஒரு படி மேலே போனாள். தினம் ஒரு மணி நேரம் சுண்டுவோடு ஸ்பானிஷ் மட்டும் பேசுவது, இரண்டு மொழியும் அவனுக்குள் எப்படி இறங்குகிறது என்று பார்ப்பது. பேராசிரியருக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துப் போனது.

எட்டு வாரம் நேர்மையாகத்தான் எழுதினாள். எழுத என்ன இருந்தது? ‘மா’, ‘பா’, நீளமாக ஒரு ‘ஆ’. ஒன்பதாவது வாரம் வகுப்பில் ஒவ்வொருவரும் எழுந்து போய்த் தங்கள் குழந்தையின் சொல் எண்ணிக்கையைப் பலகையில் எழுதினார்கள். பதினாறு, இருபத்திரண்டு, ஒன்பது. சின்னவள் பூஜ்யம் போட்டாள்.

“ஸ்பானிஷைக் கேட்டுக் குழந்தை பயந்துடுச்சு போல” என்றது பின்வரிசை. வகுப்பு சிரித்தது.

பேராசிரியர் சிரிக்கவில்லை. “பூஜ்யமும் ஒரு தகவல்தான். அப்படியே எழுதுங்க” என்றார்.

அவள் அந்தச் சொல்லைக் கேட்டிருக்கலாம். அவள் காதில் விழுந்தது சிரிப்பு மட்டும்தான்.

அன்று மாலை சுண்டு தண்ணீர் டம்ளரைப் பார்த்து ‘ஆ’ என்றான். நோட்டில் அவள் ‘ஆகுவா’ என்று எழுதினாள். ஸ்பானிஷில் தண்ணீர். அதில் ‘ஆ’ இருக்கத்தான் செய்தது. மிச்சத்தை அவள் போட்டுக்கொண்டாள்.

இரண்டாவது சொல்லுக்கு அந்த ‘ஆ’கூடத் தேவைப்படவில்லை.

குழந்தைகள் எப்படித் தவறாகப் பேசும் என்று பாடப்புத்தகத்திலேயே இருந்தது. முதல் அசையை விழுங்கும், கடினமான ஒலியைச் சுலபமான ஒலியாக மாற்றும். அதன்படி ‘விளக்கு’ அவள் நோட்டில் ‘லக்கு’ ஆயிற்று. செருப்புக்கான ‘சாப்பாத்தோ’ வெறும் ‘பாத்தோ’ ஆயிற்று. எல்லாவற்றுக்கும் ஒலிக்குறி. பேராசிரியர் அந்தப் பக்கங்களை வகுப்புக்கே காட்டினார். “பாருங்க, புத்தகம் சொல்ற மாதிரியே தப்பு பண்றான்.”

புத்தகத்திலிருந்து எடுத்தது புத்தகம் மாதிரித்தானே இருக்கும்.

இப்போது ஓராண்டு வெளிநாட்டில் ஸ்பானிஷ் படிக்கப் போகிறவர்களின் பட்டியலில் அவள் பெயர் முதலில் நின்றது. பேராசிரியர் கேட்டது ஒன்றே ஒன்று. ஒலிப்பதிவுகள். ‘சத்தம் அதிகமா இருக்கு, சுத்தம் பண்ணித் தரேன்’ என்று மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

---

பஸ்ஸில் சுண்டு ஜன்னல் கம்பியில் கன்னத்தை ஒட்டிக்கொண்டான். வண்டி உறுமும்போதெல்லாம் சிரித்தான்.

“உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்” என்றாள் பெரியவள். “கோச்சுக்காத.”

சின்னவள் நோட்டிருந்த பையை மடிக்கு இழுத்துக்கொண்டாள். “கேளு.”

“அவன் உன்கிட்ட பேசறப்போ, என்னப் பத்தி ஏதாவது… அம்மா எங்கன்னு கேப்பானா?”

“ரெண்டு வயசுக் குழந்தைக்கா, அவ்ளோலாம் கேக்காது.”

“இல்ல, எங்கிட்ட பேசவே மாட்டேங்கிறான். ஞாயித்துக்கிழமை முழுக்க முன்னால உக்காந்து சொல்லுடா சொல்லுடான்னு கெஞ்சறேன். சிரிக்கிறான். அவ்ளோதான். உன்கிட்ட மட்டும் நாப்பத்தொண்ணு.” சிரித்துக்கொண்டே சொல்லப் பார்த்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. “உன்னப் பாத்தா எனக்குப் பொறாமையா இருக்குடி. தங்கச்சியப் பாத்துப் பொறாமைப்படற அளவுக்கு வந்துட்டேன்.”

சொல்லிவிட வேண்டும் என்று சின்னவள் நினைத்தாள். அக்கா, அந்த நோட்டு பொய். ஒரு சொல்கூட நிஜம் இல்லை. முன்னால் இருந்த கம்பியை இறுகப் பிடித்தாள்.

“அடுத்த ஸ்டாப்புலதானே இறங்கணும்?” என்றாள்.

---

காது பரிசோதனை அறையின் சுவரெல்லாம் பஞ்சு பதித்திருந்தது. கதவை மூடியதும் தெருச் சத்தம் வெட்டினாற்போல நின்றது. இரண்டு பக்கமும் இரண்டு ஒலிபெருக்கிகள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கண்ணாடிப் பெட்டி, உள்ளே மேளம் வைத்திருக்கும் குரங்கு பொம்மை. சத்தம் வந்த பக்கம் குழந்தை திரும்பினால் விளக்கு எரியும், குரங்கு மேளம் தட்டும்.

பெரியவள் மடியில் சுண்டு உட்கார்ந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செவிப் பரிசோதகர். நரை கலந்த முடியைக் கொண்டையாகப் போட்ட பெண்மணி. பெரியவள் ‘டாக்டர்’ என்று கூப்பிட்டபோது, “டாக்டர் இல்லம்மா, டெஸ்ட் எடுக்கறவ” என்றார். பெரியவள் கடைசிவரை டாக்டர் என்றே கூப்பிட்டாள்.

இடது பக்கம் ஒரு கீச்சொலி. சுண்டு கையிலிருந்த மரக்கட்டையை ஆராய்ந்தான். வலது பக்கம் பறவை கூவுவது போல ஒன்று. கட்டையை வாயில் வைத்தான். இன்னும் கொஞ்சம் உரக்க. இன்னும். சின்னவள் மூலையில் நாற்காலியில் உட்கார்ந்து, அவன் கழுத்தைத் தன் பார்வையாலேயே திருப்பிவிட முயன்றாள்.

கடைசியில் இடி இடித்தது போல ஒரு சத்தம் வந்தபோதுதான் திரும்பினான். குரங்கு மேளம் தட்டியது. சுண்டு கை தட்டினான்.

“விளையாட்டுல இருந்தா எதுவும் காதுல ஏறாது டாக்டர்” என்றாள் பெரியவள், பரிசோதகர் அறைக்குள் வந்ததும். “அவங்கப்பா அப்படியே. டிவி முன்னால உக்காந்தா வீடு இடிஞ்சாலும் தெரியாது. இவன் பக்கத்துல வெச்சே சுவத்துல டிரில் போட்டாரு, தூக்கத்துல அசையக்கூட இல்ல. எல்லார்கிட்டயும் சொல்லி சிரிப்போம்.”

பரிசோதகர் சிரிக்கவில்லை. “பேச்சு எப்படி?”

பெரியவளின் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்காகத்தான் அவள் வந்திருந்தாள். நீல நோட்டை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினாள்.

“என் தங்கச்சி எழுதினது. யூனிவர்சிட்டில இதத்தான் படிக்கிறா.”

பரிசோதகர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்பக்கத்திலிருந்து புரட்டினார். ஒரு பக்கம், இன்னொரு பக்கம். நிமிர்ந்து சின்னவளைப் பார்த்தார்.

“ஒலிக்குறியெல்லாம் போட்டிருக்கீங்களே. தேதி, நேரம். அம்மாக்கள் சொல்றத நான் பாதிதான் எடுத்துக்குவேன். ஆசையில கூட்டிச் சொல்வாங்க, தப்பில்ல. ஆனா இது படிச்சவங்க எழுதினது.”

சின்னவளின் காதுமடல் கொதித்தது.

“இங்க பாருங்கம்மா” என்றார் பரிசோதகர் பெரியவளிடம். “இந்த ரூம் டெஸ்ட்ட மட்டும் வெச்சு முடிவு சொல்ல முடியாது. சில பசங்க பிடிவாதமா திரும்ப மாட்டாங்க. தூங்க வெச்சுத் தலையில ஒயர் ஒட்டி எடுக்கற டெஸ்ட் ஒண்ணு இருக்கு, அதுல ஏமாத்த முடியாது. இன்னைக்கு ஒரே ஒரு இடம்தான் இருக்கு. வெளிய மூணு வயசுல ஒரு பொண்ணு காத்திட்டிருக்கு, ஒரு வார்த்தை கிடையாது. நாப்பத்தொண்ணு பேசற உங்க பையனுக்கு அவசரம் இல்ல. ஆறு மாசம் கழிச்சு வாங்க, திரும்பப் பாப்போம்.”

“அப்பாடா” என்றாள் பெரியவள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பிறகு, கேட்காமலேயே பேச ஆரம்பித்தாள். “தப்பு எங்கிட்டதான் டாக்டர். காலைல போனா ராத்திரிதான் வர்றேன். அவளப் பாத்தா நாப்பத்தொண்ணு பேசறான், என்னப் பாத்தா ஒண்ணு கிடையாது. அம்மாமேல கோவம் அவனுக்கு. அதான் வேலைய விட்டுடலாம்னு. திங்கக்கிழமை முதலாளிகிட்ட சொல்லிடப் போறேன்.”

சின்னவளுக்கு இது தெரியாது. அக்கா யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பதினோரு வருடம் நின்று, தானாகவே கற்றுக்கொண்டு, இப்போது கடையில் கடினமான லென்ஸ் எது வந்தாலும் ‘அவங்ககிட்ட கொடு’ என்று சொல்லும் அளவுக்கு வந்த வேலை.

பரிசோதகர் நோட்டை மூடித் திருப்பி நீட்டினார். பெரியவள் வாங்கப் போனாள்.

“அது நான் எழுதினது” என்றாள் சின்னவள்.

“தெரியுமே. அக்கா சொன்னாங்களே.”

“இல்ல. நானா எழுதினது. அவன் சொல்லல.”

பஞ்சுச் சுவர் அந்த வார்த்தைகளை உறிஞ்சிக்கொண்டுவிட்டதோ என்று அவளுக்குத் தோன்றியது. இன்னொரு முறை சொல்ல வேண்டுமோ?

“எதச் சொல்லல?” என்றார் பரிசோதகர்.

“எதையுமே. முதல் எட்டு வாரம் மட்டும் நெஜம். அப்புறம் எல்லாம்… மார்க்குக்காக.”

பெரியவளின் கை நோட்டை நோக்கி நீட்டியபடியே நின்றது. அவள் தங்கையைப் பார்க்கவில்லை. நோட்டைத்தான் பார்த்தாள்.

பரிசோதகர் திட்டுவார் என்று சின்னவள் காத்திருந்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தாள். அவர் நோட்டை முன்பக்கத்திலிருந்து திறந்தார்.

“அந்த எட்டு வாரத்தப் படிங்க. சத்தமா.”

படித்தாள். “மூன்றாம் நாள். பின்னால் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. விளையாட்டுக் கவனம். ஏழாம் நாள். கதவு மணி. கவனிக்கவில்லை. நான் நடந்து வந்தபோது தரைப்பலகை அதிர்ந்ததும் திரும்பிச் சிரித்தான். பன்னிரண்டாம் நாள். ஸ்பானிஷ் ‘ர்ர்ர்’ ஒலி பழகினேன். தொண்டையில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, திரும்பச் சொல்லச் சொல்லித் தட்டுகிறான். ஸ்பானிஷ் ஒலியில் ஆர்வம்.”

அந்த ‘ர்ர்ர்’ அவளுக்கு முதல் ஆண்டு முழுக்க வரவே இல்லை. குளியலறையில் நின்று பழகுவாள். ‘தண்ணி வரல, காத்துதான் வருது, குழாயப் பாக்கச் சொல்லு’ என்று மாமா வெளியிலிருந்து கத்துவார். கடைசியில் அது அவளுக்குச் சரியாக வந்தது சுண்டுவின் உள்ளங்கை தொண்டையில் இருந்தபோதுதான்.

“போதும்” என்றார் பரிசோதகர். “இந்த மூணு பக்கம் போதும்மா. இத மட்டும் ஆறு மாசம் முன்னாடி யாராவது எங்கிட்ட கொண்டு வந்திருந்தா, நான் அன்னைக்கே டெஸ்ட் போட்டிருப்பேன். நல்லாத்தான் பாத்திருக்கீங்க. பாத்தத நீங்களே நம்பல.”

கதவைத் திறந்து உதவியாளரிடம் சொன்னார். “அந்தப் பொண்ணை ரெண்டு மணிக்கு எடுக்கறேன், அவங்கப்பாகிட்ட சொல்லிடு. நான் சாப்பிடப் போகல. இவனத் தூங்க வைக்க ரூம் ரெடி பண்ணு.”

---

நடைபாதையில் மூன்று நாற்காலிகள். பெரியவள் ஓரத்தில் உட்கார்ந்தாள். சின்னவள் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள். உள்ளே, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டிக்கொண்டு சுண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

பெரியவள் நோட்டைப் புரட்டினாள். ஒவ்வொரு பக்கத்தையும் ஏற்கெனவே எத்தனையோ முறை படித்தவள். இப்போது பாதி தூரம் போய் நின்றாள்.

“நாப்பத்தொண்ணுமா?”

“ம்.”

ஒரு வரியில் விரலை வைத்தாள். “ஏழாவதுமா?”

ஏழாவது சொல் ‘அம்மா’. அதை எழுதிய மாலையில் சின்னவள் கடைக்குப் போன் செய்தாள். ‘அக்கா, சுண்டு அம்மான்னு சொல்லிட்டான்.’ அந்தப் பக்கத்தில் லென்ஸ் தீட்டும் இயந்திரம் ஓடுவது கேட்டது. பிறகு அது நின்றது.

“அவன் ‘மா’ன்னான்க்கா. பால் பாட்டிலப் பாத்து.”

“அப்போ எனக்கு எதுக்குப் போன் பண்ணின?”

“நீ அன்னைக்குக் காலைல அழுதுட்டே போன. சந்தோஷப்படுவியேன்னு…”

சொல்லும்போதே நின்றாள். அதுவும் முழு உண்மை இல்லை. அடுத்த நாள் வகுப்புக்கு அவளுக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. குழந்தைகளின் முதல் சொற்களில் ‘அம்மா’ இல்லாவிட்டால் பேராசிரியர் கேட்பாரோ என்று பயந்தாள். அதையும் சொன்னாள். இனிப் பாதி சொல்லி நிறுத்துவதில் அர்த்தம் இல்லை.

பெரியவள் தலையாட்டினாள். கடையில் யாரோ லென்ஸ் எண்ணைச் சொல்லக் கேட்டுக்கொள்வது போல.

“கடையில எல்லாருக்கும் சாக்லேட் வாங்கிக் கொடுத்தேன்டி” என்றாள்.

திட்டவில்லை, அழவில்லை. சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, விரலிடுக்கில் உருட்டிக்கொண்டே இருந்தாள்.

சின்னவளின் போன் அதிர்ந்தது. பேராசிரியர். ‘பட்டியல் இன்று மாலை ஐந்துக்குப் போகிறது. உங்கள் பெயர் முதலில். ஒலிப்பதிவு மட்டும் பாக்கி. இரண்டு, மூன்று சொல் இருந்தால்கூடப் போதும்.’

மணி ஒன்றே கால். பதில் எழுத ஆரம்பித்தாள். ‘மன்னிக்கவும், பதிவுகளில் சொற்கள் எதுவும்’ என்பது வரை வந்தது. ‘இல்லை’ என்பதை எழுதக் கட்டைவிரல் வரவில்லை. அப்படியே பாதியில் விட்டு, போனைக் கவிழ்த்து வைத்தாள்.

பெரியவளின் போனும் அடித்தது. மாமாவின் குரல் வெளியிலேயே கேட்டது. “லிஃப்ட் ஏறிடுச்சு, நான் இறங்கிட்டேன். என்னாச்சு?”

“டெஸ்ட் போயிட்டிருக்கு. வாங்க.”

“குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?”

“வாங்க” என்று சொல்லி வைத்தாள். அப்போதுதான் தங்கையை நேராகப் பார்த்தாள். “அவர்கிட்ட நான் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு.”

---

காகிதத்தில் இரண்டு வரிசை அலைக்கோடுகள் இருந்தன. பரிசோதகர் பேனா முனையால் காட்டினார்.

“ரெண்டு காதுலயும் கேக்கறது ரொம்பக் குறைவு. லாரி ஹாரன் கேக்கும், கதவ ஓங்கி அடைச்சா கேக்கும். நாம பேசறது கேக்காது. இன்னும் ரெண்டு டெஸ்ட் இருக்கு, அப்புறம் முழுசா சொல்றேன். காதுல மெஷின் போட்டா நிறைய மாறும். எவ்வளவுன்னு இன்னைக்கு யாரும் சொல்ல முடியாது.”

“முன்னாடியே வந்திருந்தா?” என்றாள் பெரியவள்.

“முன்னாடி வந்திருந்தா நல்லது. இன்னைக்கு வந்ததும் நல்லதுதான். ரெண்டும் நெஜம். நீங்க முதல் வரிய மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாதீங்க.”

சின்னவள் முதல் வரியைத்தான் எடுத்துக்கொண்டாள். அது தனக்குச் சேர வேண்டியது என்று தெரிந்தது.

காதுக்கு அளவு எடுக்க வேண்டும் என்றார்கள். இளஞ்சிவப்புக் களிம்பைக் காதுக்குள் செலுத்தி, அது இறுகும்வரை அசையாமல் பிடிக்க வேண்டும். விழித்துக்கொண்ட சுண்டு வீறிட்டான். பெரியவள் ஒரு கையால் அவன் நெற்றியைத் தன் மார்போடு அணைத்தாள். இன்னொரு கையால், மாதிரிக்காக மேசையில் வைத்திருந்த கருவியை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

“இந்த வளைவு இவன் காதுக்கு அகலம் டாக்டர். எலும்புமேல உக்காந்தா ரெண்டு நாள்ல புண்ணாயிடும். கொஞ்சம் சூடு காட்டி உள்ள வளைக்கலாமா?”

பரிசோதகர் அவளை வியப்போடு பார்த்தார். “நீங்க என்ன வேலை பாக்கறீங்க?”

“கண்ணாடிக் கடைல. காதுக்குப் பின்னாலதான் என் பாதி வேலை.”

“விட்டுடாதீங்க அந்த வேலைய” என்றார் அவர்.

அந்த ஒரு கணம் அக்காவின் முதுகு நிமிர்ந்ததைச் சின்னவள் பார்த்தாள். உதவி செய்ய எழுந்தாள். அழுகிற குழந்தையின் கால்களையாவது பிடிக்கலாம் என்று கை நீட்டினாள்.

“நான் பாத்துக்கறேன்” என்றாள் பெரியவள்.

சின்னவள் கையை இழுத்துக்கொண்டாள்.

---

வெளியே வெயில் தரையை வெளுத்திருந்தது. மாமா எண்ணெய்க் கறை படிந்த சீருடையோடு படிகளில் இரண்டிரண்டாக ஏறி வந்தார்.

“வாடா என் பண்டிதா.” சுண்டுவை வாங்கித் தோளில் உட்கார வைக்காமல், முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டார். காதோரம் ஒட்டியிருந்த இளஞ்சிவப்புக் களிம்புத் துணுக்கைக் கவனிக்கவில்லை. “அழுதியா? மூக்கெல்லாம் ஒழுகுது. என்ன சொன்னாங்க உன் பாஷையெல்லாம் கேட்டு?”

மனைவியைப் பார்த்தார். அவள் பையின் ஜிப்பைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

“நீ சொல்லு ஸ்பெயின்காரி. டாக்டர் முன்னால என் பையன் எத்தன வார்த்தை எடுத்துவிட்டான்?”

சின்னவள் நோட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். காலையில் அக்கா நீட்டியது போலவே நீட்டினாள்.

“ஒண்ணுகூட இல்ல மாமா.”

“அதுக்குள்ள தொண்டை கட்டிடுச்சா?”

“எப்பவுமே இல்ல. ஒண்ணுகூட எப்பவுமே இல்ல. நான்தான் எழுதினேன்.”

மாமா சிரித்தார். ஸ்பெயின்காரி அவரை ஏமாற்றப் பார்க்கிறாள் என்று நினைத்தார். வயிறு குலுங்க, தலையைப் பின்னால் சாய்த்து, எப்போதும் போல வீடே அதிரும் அந்தச் சிரிப்பு. சுண்டு அழுகையை நிறுத்தினான். ஈரமான உள்ளங்கையை நீட்டி அப்பாவின் தொண்டையில் வைத்துக்கொண்டான். கண் விரியச் சிரித்தான்.

மாமாவின் பார்வை மனைவியிடம் போனது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவர் வாய் இன்னும் திறந்தபடியே இருந்தது.

சுண்டு தொண்டையை ஒரு முறை தட்டினான். மறுபடியும் தட்டினான். அது அதிரவில்லை. பிறகு கையை எடுத்துவிட்டு, திரும்பிச் சித்தியைப் பார்த்தான்.